பழைய மோட்டார் சைக்கிளில் கரண்ட் கோளாறா? சாமான் வாங்க முன்னம் பாருங்கள்

ஹோர்ன் அடங்கினாலும் சிக்னல் மினுங்காவிட்டாலும் மட்டக்களப்பில் முதலில் வரும் தீர்ப்பு ஒன்றுதான்: "பற்றரி போயிட்டு மச்சான், மாத்து." மாற்றுவோம். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக ஓடும், பிறகு பழைய கதைதான். சீ.டீ. 125, எம்.டி. 90, சீ.ரீ. 100 என்று வயதான வண்டி வைத்திருப்பவர்களின் காசு கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அளந்து பாராமல் சாமான் வாங்குகிறோம்.

மல்டிமீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள், சாதாரணமானதே போதும். இரவு முழுக்க நிறுத்தி வைத்த 12 வோல்ட் பற்றரி காலையில் 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. காலியான பற்றரி எல்லாம் பழுதான பற்றரி இல்லை; சார்ஜ் ஏறாமலும் கிடந்திருக்கலாம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, நன்றாக ரேஸ் கொடுத்துப் பற்றரி முனைகளில் திரும்ப அளந்து பாருங்கள். 13.5-இலிருந்து 14.5 வரை வந்தால் சார்ஜ் சரி. அசையாமல் நின்றால் எஞ்சின் சுழலக் கரண்ட் உண்டாக்கும் கொயிலையோ, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரையோ அவற்றின் வயர்களையோ பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேற்றர்தான் சந்தேகம். 6 வோல்ட் வண்டிக்கு இதில் ஏறக்குறையப் பாதி.

ஹெட்லைட் மங்கினால் பற்றரியைத் திட்டுவது இன்னொரு தவறு. பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பற்றரியோடு தொடர்பே இல்லை, மெக்னெட் கொயிலிலிருந்து நேரே கரண்ட் வருகிறது. நிற்கும்போது மங்கி, ரேஸ் கொடுத்தால் வெளிச்சம் கூடுவது அதன் சுபாவம். புதுப் பற்றரி போட்டாலும் அது மாறாது.

அதிகம் கவனிக்கப்படாதது எர்த், அதாவது கரண்ட் பற்றரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கடலோரமாய் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று முதலில் தின்பது வயர்கள் பொருந்தும் சொக்கட்டுகளையும் எர்த் முனைகளையும்தான். மீன் பெட்டி கட்டும் வண்டியென்றால் கேட்கவே வேண்டாம். ஐஸ் உருகிய உப்புத்தண்ணி பின் மட்கார்ட் வழியாக டெயில் லைட் வயரில்தான் இறங்குகிறது. அந்த சொக்கட்டை இழுத்துப் பார்த்தால் பித்தளை முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. வயரின் உறையை ஒரு அங்குலம் சீவினால் உள்ளே செம்பு கறுத்து, விரலால் வளைத்தாலே முறியும். வெளியே பார்த்தால் புது வயர் மாதிரியே இருக்கும்.

இதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. பிரேக் லைட்டை எரியவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவிலும் மற்றதை டெயில் லைட்டின் எர்த்திலும் வையுங்கள். பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். அரை வோல்ட் தாண்டினால் எர்த் கோளாறு. ஹொண்டாவில் பச்சை வயர்தான் எர்த். அது சேஸில் பூட்டியிருக்கும் இடத்தில் பெயின்ரைச் சுரண்டி, அரத்தாள் போட்டு, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் முடிந்தது. செலவு அரத்தாள் விலைதான்.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுவதும் வயர் துண்டைச் செருகுவதும் வேண்டவே வேண்டாம். பியூஸ் எரிந்தால் எங்கோ ஒரு வயர் சேஸில் உரசுகிறது என்று கொள்ளுங்கள். ஹாண்டில் திரும்பும் கழுத்தையும் சீட்டுக்குக் கீழேயும் முதலில் பாருங்கள். 10 அம்பியர் இருந்த இடத்துக்கு 10-ஐயே போடுங்கள். 20 போட்டால் பியூஸ் தப்பிக்கும், வயர்க்கட்டு வேகும்.

பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணி ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்புத் தட்டும் நம் கிணறுகள் அதற்கு ஆகாது. காய்ச்சி வடித்த தண்ணி மட்டும் ஊற்றுங்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டவும் வேண்டாம். வோல்ட் கட்டுக்கடங்காமல் ஏறிப் பல்புகள் போகும். எல்.ஈ.டி. சிக்னல் போட்டதும் அது படபடவென்று அடித்தால் பழுதில்லை, சிக்னலை மினுக்கும் பிளாஷரைத்தான் மாற்ற வேண்டும்.

மாரியில் படுவான்கரைப் பக்கம் வெள்ளத்துக்குள் இறக்கிய வண்டியில் வயர், சுவிட்ச் எல்லாம் தண்ணியில் ஊறிக் கிடக்கும். கரையேறிய கையோடு திறப்பைப் போடாதீர்கள். பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, சொக்கட்டுகளைப் பிரித்து, ஒரு பகல் வெயிலில் காயவிடுங்கள்.

பிளக்கில் பொறி வராவிட்டால், பொறிக்கான கரண்டை நேரம் பார்த்துக் கொடுக்கும் சீ.டீ.ஐ. பெட்டியை வாங்க ஓடுவதற்கு முன் பிளக்கை மாற்றிப் பாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தும் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஹொண்டாவில் அது கறுப்பில் வெள்ளைக் கோடு. அந்த வயர் எர்த்தில் பட்டால்தான் எஞ்சின் நிற்கும். சுவிட்சுக்குள் ஈரமிறங்கி அது எந்நேரமும் எர்த்தாகிக் கிடந்தால் எத்தனை கிக் அடித்தும் பயனில்லை. கழற்றியதும் பொறி வந்தால் கோளாறு சுவிட்சில், சீ.டீ.ஐ. நல்லது. ஒன்று மட்டும், அந்த வயர் கழன்றிருக்கும்போது திறப்பால் எஞ்சின் நிற்காது. கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளச்சை விட்டு நிறுத்துங்கள்.