டெலஸ்கோப் இல்லாமல் ஒரு சூப்பர்நோவா வேட்டை

பைத்தான் நிரல்மொழியில் ஒரு சூப்பர்நோவாவை (வெடித்துச் சிதறும் விண்மீனை) கணினிக்குள் வெடிக்க வைக்க நாலு வரி போதும். அதை ஒரு வான் கணக்கெடுப்பு எப்படி அரைகுறையாகப் பார்க்கும் என்று செய்துகாட்டுவதில்தான் வேலையே இருக்கிறது. கலிபோர்னியாவில் பாலோமர் மலைமேல் ஓடும் இசட்டிஎஃப் (ஸ்விக்கி டிரான்சியன்ட் ஃபெசிலிட்டி) என்ற வான் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம்: ஒரே படத்தில் 47 சதுர டிகிரி, 30 விநாடி, நல்ல இரவில் சுமார் 20.5 மாக்னிட்யூட் வரை (மாக்னிட்யூட் என்பது ஒளி அளவுகோல், எண் கூடக்கூட மங்கல்).

எஸ்என்காஸ்மோ என்ற இலவசத் தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். செம்பெயர்ச்சி (தொலைவு கூடக்கூட ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) வரம்பு, நாட்கள், வானப் பரப்பு மூன்றையும் கொடுத்தால் எத்தனை வெடிப்புகள், எவ்வளவு தொலைவில் என்று பட்டியல் தந்துவிடும். ஆனால் வெடிப்பு வீதத்தை நீங்கள் சொல்லாவிட்டால் ஒரு கன மெகாபார்செக்குக்கு (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) ஆண்டுக்கு 0.0001 என்று அதுவே வைத்துக்கொள்ளும். நம் அக்கம்பக்கத்தில் 1ஏ வகைக்கு (வெள்ளைக் குள்ள விண்மீன் வெடிக்கும் வகை) அளந்த மதிப்போ ஏறத்தாழ 0.000025, அதாவது நாலில் ஒரு பங்கு.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் உச்ச ஒளி (சராசரியாக -19.3, கொஞ்சம் சிதறலோடு), ஒளிவளைவின் (நாளுக்கு நாள் ஒளி ஏறி இறங்கும் கோட்டின்) அகலம், நிறம், அந்தத் திசையில் நம் பால்வெளித் தூசு மறைக்கும் அளவு எல்லாம் கொடுக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம், அவதானிப்புப் பதிவேடு: எந்த இரவில் எந்தப் பக்கம் படம் எடுத்தார்கள் என்ற பட்டியல். 'மூன்று நாளுக்கு ஒரு படம்' என்று சீராக எழுதிவிடத்தான் கை போகும். வேண்டாம். மேகம், பௌர்ணமி, அந்த வானமே பகலில் போய்விடும் மாதங்கள் எல்லாம் உண்மையான பதிவேட்டில்தான் இருக்கும், அதிலும் ஒவ்வொரு வெடிப்புக்கும் அதன் மேல் விழுந்த படங்களை மட்டும் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிலியின் ரூபின் ஆய்வகத்துக்கு என்றால் கணினியில் உருவகப்படுத்திய பத்தாண்டுக் கால அட்டவணையே இலவசமாகக் கிடைக்கிறது. பதிவேட்டில் இரைச்சலின் அளவைத் தராமல் 5 சிக்மா எல்லை (இரைச்சலைப்போல் ஐந்து மடங்கு ஒளி தரும் பொருளின் மாக்னிட்யூட்) மட்டும் இருந்தால் கவலையில்லை: ஜீரோ பாயின்ட்டிலிருந்து (ஓர் அலகு ஒளிக்கு இணையான மாக்னிட்யூட்) அதைக் கழித்து, 0.4-ஆல் பெருக்கி, 10-இன் அடுக்காக்கி, 5-ஆல் வகுத்தால் வான இரைச்சல் வந்துவிடும்.

வரும் ஒளி அளவுகளை உடனே மாக்னிட்யூடாக மாற்றிவிடாதீர்கள். இரைச்சலால் சில மைனஸில் இருக்கும், அவற்றுக்கு லாக் எடுக்கவே முடியாது, தூக்கிப்போட்டால் மங்கலான பக்கம் முழுக்கக் கோணலாகிவிடும்.

கடைசியாக வடிகட்டல்: இரண்டு வெவ்வேறு இரவுகளில் 5 சிக்மாவைத் தாண்டியதை மட்டும் எண்ணுங்கள், ஒரே தடவை தெரிந்தது சிறுகோளாகவும் இருக்கலாம். சரி பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. செம்பெயர்ச்சி 0.1-இல் சாதாரண 1ஏ ஒன்றின் உச்சம் சுமார் 19-இல் நிற்க வேண்டும். 15 என்று வந்தால் ஜீரோ பாயின்ட்டைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.