கொடுமணல் போகிறவர்களுக்கு: பாசிமணியைப் பெட்டியில் வைக்காதீர்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குப் பழைய வணிகப் பெருவழியைக் காட்ட நினைப்பவர்கள், சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலுக்குப் போங்கள். கோபுரத்தையோ கோட்டையையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1985 முதல் தொல்லியலாளர்கள் தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிட்டார்கள். மிஞ்சி நிற்பவை ஈமக்காட்டின் கல்வட்டங்களும் பலகைக் கற்களும்தான். பிப்ரவரியில் காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். நொய்யலில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்து ஓடிய ஆறு அது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில் ஊர் வளர்ந்ததற்குக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். அன்று ரோமானியர் ஆண்ட எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து சூலை வாக்கில் கிளம்பும் கப்பல், தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துக் கேரளக் கரையிலிருந்த முசிறிக்கு வரும். வாடைக்காற்று தொடங்கியபின் மிளகேற்றித் திரும்பும். கீழைக்கடற்கரைச் சரக்கு குமரியைச் சுற்றி வர வேண்டியதில்லை. பூம்புகார், உறையூர், கரூர், கொடுமணல் என்று தரைவழியாகவே கணவாயைத் தாண்டிவிடலாம். கொடுமணலில் கல்மணி செய்தார்கள். அதற்கான பச்சைக்கல் (பெரில்) பக்கத்திலேயே படியூரில் கிடைத்தது. சூதுபவளம் என்ற சிவப்பு மணிக்கான கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது. சங்கப் பாடல்கள் புகழும் 'கொடுமணம்' இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு.

இங்கே மண்ணில் கிடக்கும் கல்மணி ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துளையின் நடுவில் சின்னப் படி ஒன்று தெரியும். ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுமுனையில் கல் சிதறிவிடும். அதனால் பாதி வரை துளைத்து, திருப்பிப் பிடித்து, எதிர்முனையிலிருந்து மீதியைத் துளைத்தார்கள். இரண்டு துளையும் மயிரிழை விலகிச் சந்தித்த இடம்தான் அந்தப் படி.

ஆனால் கையில் எடுத்த மணியைத் திருப்பி வைத்துவிட வேண்டும். சிக்கல் முழுக்க இங்கேதான் தொடங்குகிறது.

மழைக்குப் பின் உழுத காட்டில் மணிகள் மேலே வரும். பெரியம்மாவோ மாமாவோ "நம்ம ஊரு மண்ணு, பேத்திக்குக் கோத்துப் போடு" என்று ஒரு பிடி கொடுப்பார்கள். பரணிலிருந்து தாத்தாவின் ஏட்டுக்கட்டும் பழைய காசும் இறங்கும். ஊரை விட்டுப் போனவர்களுக்கு அதை மறுக்க நா எழாது. இத்தனை வருடம் வராமல் இருந்துவிட்டு, ஆசையாகக் கொடுப்பதையும் வேண்டாம் என்பதா? மறுத்துத்தான் ஆக வேண்டும்.

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 வயது கடந்த காசு, மணி, விளக்கு, சிலை எல்லாமே தொல்பொருள். ஓலைச்சுவடிக்கு 75 ஆண்டு போதும். தனியாள் இவற்றில் எதையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மீறினால் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு. வீட்டுப் பொருள், பணம் கொடுத்து வாங்கவில்லை என்ற சமாதானம் எடுபடாது.

வயது குறைந்த பித்தளை விளக்குக்கும் சந்தேகம் வரும். அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறை தரும். பொருளை நேரில் கொண்டுபோய், புகைப்படப் பிரதிகளோடு மனுக் கொடுக்க வேண்டும். நிபுணர் பார்த்துச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு இத்தனை நாள் என்று கணக்குக் கிடையாது. ஆகவே அந்த வேலையை வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். கல்யாணம், கோயில், பங்காளி வீடு எல்லாம் முடிந்து கடைசி நான்கு நாளில் போனால், ஒரு சனி ஞாயிறும் ஓர் அரசு விடுமுறையும் போதும், விமானம் போய்விடும். சான்றிதழ் இல்லாத விளக்கைப் பெட்டியில் வைத்தால், சுங்கத்தில் பொருளும் நிற்கும், நீங்களும் நிற்பீர்கள். 100 வயது தாண்டியிருந்தால் சான்றிதழே கிடைக்காது. அதை அத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் மணியின் காலத்தைச் சொல்ல முடியும். எடுத்துவிட்டால் அது வெறும் அழகுக்கல். தாய்லாந்தில் கிடைத்த உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்ற தமிழ் எழுத்து இருக்கிறது. எகிப்தில் செங்கடல் கரைப் பானை ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருக்கிறது. யாருடைய வீட்டுப் பெட்டியிலும் முடங்காமல் ஆய்வாளர் பார்வைக்கு வந்ததால்தான் இவை இன்று நமக்குச் சான்று.

மணி கண்ணில் பட்டால் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படமெடுங்கள். காசை எடுத்துக்கொள்ளுங்கள். மணி அங்கேயே கிடக்கட்டும். எழுத்துள்ள ஓடோ புதையலோ தென்பட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் ரோமானியக் காசு பார்த்தே தீர வேண்டுமென்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.