தோல் ஒவ்வாமை மதிப்பீடு: பாட்டிலில் இருந்தது வேறு, டிரம்மில் இருந்தது வேறு

போன மாதம், ரசாயனப் பொருள்கள் தோலில் ஒவ்வாமை உண்டாக்குமா என்று சோதிக்கிற எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் எழுதிய வரைவு அறிக்கைகளைத் திருத்த உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்திலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "டிபிஆர்ஏ சோதனையில் எதிர்மறை. எனவே இப்பொருள் தோல் ஒவ்வாமை உண்டாக்காது." (டிபிஆர்ஏ என்பது, பொருள் புரதத் துண்டுகளோடு ஒட்டுகிறதா என்று குப்பியில் பார்க்கிற சோதனை.) அந்த 'எனவே'யை ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் எழுதியிருக்கிறேன், கிட்டத்தட்ட அதே வரியில். அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கன்ட்ரோல் வைக்க மறப்பது, அலகு மாற்றி எழுதுவது, எரிச்சலையும் ஒவ்வாமையையும் குழப்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பயிற்சி வகுப்பிலேயே அவற்றைச் சொல்லிவிடுவார்கள். வகுப்பில் நன்றாகப் படித்தவர்களும் செய்கிற தவறுகள் வேறு. கீழே வருகிற தலைப்புகள் அவைதான்.

முதலில் ஒரு பத்தி பாடம். தோலுக்குள் போகிற ரசாயன மூலக்கூறு நோயெதிர்ப்பு அமைப்பின் கண்ணில் படாத அளவுக்குச் சின்னது. அது தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால்தான் 'அந்நியன்' ஆகிறது. அப்போது மேல்தோல் செல்கள் அலறுகின்றன. தோலில் காவல் இருக்கிற டென்ட்ரிட்டிக் செல்கள் சேதியை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டு போகின்றன. அங்கே டி-செல்கள் என்கிற நோயெதிர்ப்பு செல்கள் பெருகி, அந்த மூலக்கூறை ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை கை பட்டால் அரிப்பும் கொப்புளமும் வருகின்றன. இந்த வரிசையை 2012-இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி நான்கு முக்கிய நிகழ்வுகளாக வகுத்து வெளியிட்டது. இன்றைய விலங்கில்லாச் சோதனைகள் ஒவ்வொன்றும் இந்த நான்கில் ஒன்றை மட்டும் பார்க்கின்றன.

ஒற்றைச் சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

டிபிஆர்ஏ பார்ப்பது முதல் நிகழ்வை, அதாவது புரதத்தோடு ஒட்டுவதை: பொருளை, சிஸ்டீன், லைசீன் என்ற அமினோ அமிலங்கள் உள்ள இரண்டு புரதத் துண்டுகளோடு (பெப்டைடுகளோடு) 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு பெப்டைடு காணாமல் போனது என்று அளக்கிறோம். சராசரி 6.38 சதவீதத்தைத் தாண்டினால் நேர்மறை. செல்களில் செய்கிற கெரட்டினோசென்ஸ் சோதனை இரண்டாவதையும் (மேல்தோல் செல்களின் அலறல்), எச்-கிளாட் சோதனை மூன்றாவதையும் (டென்ட்ரிட்டிக் செல்கள்) பார்க்கின்றன. இந்த மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் முடிவு சொல்லலாம் என்பதுதான் 2021-இல் வந்த ஓஇசிடி 497 வழிகாட்டி. அதற்குப் பெயரே 'மூன்றுக்கு இரண்டு'.

அப்புறம், எல்லைக்கோட்டில் நிற்கிற எண்ணை இழுத்து ஒரு பக்கம் தள்ளாதீர்கள். 6.2 வந்தால் அது 'எதிர்மறை' இல்லை. இன்னொரு சோதனை செய்யச் சொல்கிறது. 497 வழிகாட்டியிலும் எல்லைக்கோட்டு முடிவு கணக்கில் சேராது.

சோதித்த பாட்டிலில் என்ன இருந்தது என்று கேட்காமல் விடுவது

இப்போது என் கதை.

ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், இயந்திரப் பாகங்களில் பிசுக்கு எடுக்க ஒரு தாவரக் கரைப்பானைக் கொண்டுவந்தது. மரத்திலிருந்து எடுக்கிற, மணமுள்ள எண்ணெய்ப் பொருள்களான தெர்பீன்களின் கலவை. 100 மில்லி கருப்புக் கண்ணாடி பாட்டில், மேலே நைட்ரஜன், மூடியில் சீல். வந்த அன்றே ஃபிரிட்ஜில் வைத்தோம். சோதனைக்கு எடுக்கும்போதுதான் திறந்தோம். டிபிஆர்ஏ சுத்தம். கெரட்டினோசென்ஸில், செல்லின் அலறலை ஒளியாகக் காட்டுகிற லூசிஃபெரேஸ், நேர்மறைக்கு வேண்டிய 1.5 மடங்கைத் தொடவே இல்லை. இரண்டும் ஒத்துப்போயின. 'எனவே' போட்டுக் கையெழுத்திட்டேன். ஆய்வகம் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவதே அங்கேதான்.

எட்டு மாதம் கழித்து போன் வந்தது. பட்டறையில் நாலு பேருக்கு விரலிடுக்கில் கொப்புளம், தோல் உரிகிறது, லீவு போட்டால் ஆறுகிறது, திரும்பி வந்தால் மறுபடியும் வருகிறது. 'உங்கள் அறிக்கையில் ஒவ்வாமை இல்லை என்று போட்டிருக்கிறீர்களே' என்று கேட்டார்கள். டிரம்மிலிருந்தே ஒரு சாம்பிள் அனுப்பச் சொன்னேன். வந்தது 200 லிட்டர் டிரம்மின் அடியில் கிடந்த மிச்சம். ஐந்து மாதமாகத் தினமும் திறந்து மூடிய டிரம். மேலே முக்கால் பாகம் காற்று.

காற்றுப் பட்டு உண்டாகிற பெராக்சைடு இருக்கிறதா என்று பார்க்கலாம் எனத் தோன்றியது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். அசிட்டிக் அமிலக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு போட்டு, சாம்பிளை விட்டு, இருட்டில் வைத்தால் போதும். பெராக்சைடு இருந்தால் அயோடின் வெளியே வரும். இரண்டு குடுவை வைத்தேன். மிச்சம் வைத்திருந்த பழைய கருப்பு பாட்டிலிலிருந்து ஒன்று, டிரம்மிலிருந்து ஒன்று. பாட்டில் குடுவை லேசாக மஞ்சள் தட்டியது, அவ்வளவுதான். டிரம் குடுவை கட்டன்சாயா நிறத்துக்குப் போனது. அந்த அயோடினை அளக்கத் தயோசல்ஃபேட் விட விட ப்யூரெட் காலியாகிக்கொண்டே இருந்தது. லேபிளில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே சிஏஎஸ் எண் (ரசாயனப் பொருளின் அடையாள எண்).

தெர்பீன் என்றதுமே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். இது புது விஷயமே இல்லை. வட ஐரோப்பாவில் பெயின்ட் அடிப்பவர்களுக்கு டர்பென்டைனால் கையில் எக்சிமா வந்த காலம் உண்டு. குற்றவாளி, டர்பென்டைனில் உள்ள கேரீன் காற்றில் ஆக்சிஜனேறி உண்டாகிற ஹைட்ரோபெராக்சைடு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கிற லிமோனீனும் அப்படித்தான். புதிதாக இருக்கும்போது சாது, காற்றுப் பட்டால் வேறு ஆள்.

லினலூல் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கும். லாவெண்டர் எண்ணெயில் இருப்பது. நம் கொத்தமல்லி விதை எண்ணெயிலும் அதுதான் பெரும்பங்கு. சுண்டெலியின் காதில் பொருளைத் தடவி, அருகே உள்ள நிணநீர் முடிச்சில் செல்கள் எவ்வளவு பெருகுகின்றன என்று பார்ப்பது நிணநீர் முடிச்சுச் சோதனை. அந்தப் பெருக்கத்தை மூன்று மடங்காக்கத் தேவையான செறிவுதான் ஈசி3. சுத்தமான லினலூலின் ஈசி3 மதிப்பு 46.2 சதவீதம். மிகமிகப் பலவீனம் என்று அர்த்தம். 10 வாரம் காற்றில் வைத்ததற்கு 9.4. 45 வாரம் வைத்ததற்கு 4.8. பிரித்தெடுத்த ஹைட்ரோபெராக்சைடுக்கு 1.6. முதல் மூன்றும் ஒரே பொருளின் வெவ்வேறு வயது, நாலாவது அதில் காற்றுப் பட்டு உண்டானது. அதனால்தான் வாசனைத் தொழிலில் லிமோனீன், லினலூல் அதிகம் உள்ள பொருள்களில் பெராக்சைடு லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

காற்று மட்டும் இல்லை, அசுத்தமும் ஆளை மாற்றும். 1960-களில் நார்வேயில் பாத்திரம் கழுவும் திரவத்தால் பலருக்குக் கையில் ஒவ்வாமை வந்தது. லேபிளில் இருந்த லாரில் ஈதர் சல்ஃபேட் அப்பாவி. தயாரிப்பின்போது உண்டான சல்டோன் என்கிற துளி அசுத்தம்தான் வேலையைக் காட்டியது. 'தூய்மை 98 சதவீதம்' என்று சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள், மீதி 2 சதவீதம் யார் என்று கேட்பதே இல்லை. வலுவான ஒவ்வாமையூட்டி என்றால் அந்த 2 சதவீதமே போதும்.

மூன்றாவது வழி, தோலே அதை மாற்றுவது. சின்னமைல் ஆல்கஹால் தானாகப் புரதத்தோடு ஒட்டாது. தோலின் நொதிகள் அதைச் சின்னமால்டிஹைடாக மாற்றிய பிறகுதான் ஒட்டும். டிபிஆர்ஏ குப்பியில் அந்த நொதிகள் கிடையாது. அங்கே எதிர்மறை வந்தால் 'இப்போதைக்கு ஒட்டவில்லை' என்று மட்டும்தான் பொருள். தலைச்சாயத்தில் வருகிற பிபிடியும் காற்றில் ஆக்சிஜனேறித்தான் உக்கிரமாகிறது. கல்யாண சீசனில் பத்தே நிமிஷத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற 'கருப்பு மருதாணி'யில் பல நேரம் இருப்பது இதுதான். மருதாணி இலை தானாகக் கறுப்பாகப் பிடிக்காது, செம்பழுப்புதான்.

என் தெர்பீன் கதைக்கு வருகிறேன். மறுசோதனை, திரும்ப எடுத்த சரக்கு, திருத்திய பாதுகாப்புத் தரவுத்தாள், ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்துப் புதிய தயாரிப்பு என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு வருடம் போனது. எனக்கு ஒரு வாடிக்கையாளர் போனார். அந்த நாலு பேரில் ஒருவருக்கு இப்போது ஆரஞ்சு வாசனை சோப்பும் ஆகாது. பணத்தை விடுங்கள், இது மட்டும் திரும்பாது.

அதனால் எந்த அறிக்கை மேசைக்கு வந்தாலும் நான் முதலில் முடிவுப் பக்கத்தைத் திறப்பதில்லை. சாம்பிள் பக்கத்தைத் திறக்கிறேன். லாட் எண் என்ன, என்று தயாரித்தது, எப்போது திறந்தது, எதில் வைத்திருந்தார்கள், ஆக்சிஜனேற்றத் தடுப்பான் உண்டா, விற்கப்போகிற சரக்கும் இதுவும் ஒரே தரமா? சோதனைக்கென்று தனியாகச் சுத்திகரித்து அனுப்பியிருந்தால், அந்தச் சோதனை சந்தையில் இல்லாத ஒரு பொருளைப் பற்றியது.

கரையாத பொருளுக்கு 'எதிர்மறை' போடுவது

குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடப்பது யாரோடும் வினைபுரியாது. நீரைவிட எண்ணெயில் எவ்வளவு கரையும் என்று காட்டுகிற லாக் பி 3.5-க்கு மேல் உள்ள பொருளுக்கு எச்-கிளாட் எதிர்மறை வந்தால் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நேர்மறை வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

லைசீனை மறப்பது

கெரட்டினோசென்ஸ் பெரும்பாலும் சிஸ்டீனைத் தேடுகிற பொருள்களைத்தான் பிடிக்கும். அமில அன்ஹைட்ரைடுகள் லைசீனைத் தேடுபவை. அங்கே இதன் மௌனத்தை நம்ப வேண்டாம்.

உலோகத்தைப் பெப்டைடோடு சோதிப்பது

வேண்டாம். டிபிஆர்ஏ வழிகாட்டியே உலோகத்துக்குப் பொருந்தாது என்கிறது.

நிக்கல் சுண்டெலிச் சோதனையையும் ஏமாற்றும். நோயெதிர்ப்பைத் தூண்டுகிற டிஎல்ஆர்4 என்ற ஏற்பியில், மனிதர்களுக்கு நிக்கல் பிடித்துக்கொள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் உண்டு, சுண்டெலியின் ஏற்பியில் அவை இல்லை.

ஈசி3-ஐத் தலைகீழாகப் படிப்பது

எண் சின்னதானால் பொருள் வலுவானது. 2 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் வலுவான ஒவ்வாமையூட்டிகளின் வகையான 1ஏ, மேலே போனால் அடுத்த வகையான 1பி. போன வருடம் ஒருவர் 0.1-ஐ 'மிகக் குறைவு' என்று எழுதினார். சிரிக்க முடியவில்லை.

பழைய சுண்டெலித் தரவை அப்படியே நம்புவது

அழகுசாதனப் பொருள்களுக்கு விலங்குச் சோதனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013-இலும் இந்தியா 2014-இலும் முழுதாக நிறுத்தின. ஆனால் பழைய தரவு குவிந்து கிடக்கிறது, அதைப் படிக்கத் தெரிய வேண்டும். நிணநீர் முடிச்சுச் சோதனையில் சோடியம் லாரில் சல்ஃபேட் நேர்மறை காட்டும். அது ஒவ்வாமையூட்டி இல்லை, வெறும் எரிச்சலூட்டி. காதின் தடிமனை அளந்த அட்டவணை பெரும்பாலும் அறிக்கையின் கடைசியில் இருக்கும். காது 25 சதவீதத்துக்கு மேல் வீங்கியிருந்தால், முடிச்சில் செல்கள் பெருகியதற்கு எரிச்சலே காரணமாக இருக்கலாம். அந்தக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் நேர்மறை எழுதியவர்கள் நிறைய.

மனிதத் தோலில் 'ஒரு முறை பார்த்துவிடலாம்' என்பது

கூடாது. புதிய பொருளின் ஆபத்தை அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், கண்டுபிடிக்கும்போதே ஒருவருக்கு ஒவ்வாமையை வாழ்நாளுக்கும் கொடுத்துவிட்டோம்.

'ஆம், ஒவ்வாமையூட்டி' என்று எழுதியதோடு எழுந்துபோவது

மீத்தைல்ஐசோதயாசோலினோன் என்கிற பதனப்பொருள் ஒவ்வாமையூட்டி என்பது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. முதலில் அது, குளோரின் சேர்ந்த தன் அண்ணன் மூலக்கூறோடு கலவையாகத்தான் அழகுசாதனங்களில் வந்தது. கலவைக்கு வரம்பு 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு). அதில் இதன் பங்கு கால்வாசி, அதாவது 4 பிபிஎம்முக்கும் குறைவு. 2005-இல் ஐரோப்பாவில் இதைத் தனியாக 100 பிபிஎம் வரை போட அனுமதித்தார்கள். 100 பிபிஎம் என்பது 0.01 சதவீதம்தானே என்று தோன்றும். ஈரத் துடைப்பான், கிரீம் என்று தோலில் தங்குகிற பொருள்களில் அது போனது. சில வருடத்தில் ஐரோப்பியத் தோல் மருத்துவமனைகளில் பேட்ச் டெஸ்ட் (பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கிற ஒவ்வாமைச் சோதனை) நேர்மறைகள் ஏறிக்கொண்டே போயின. 2017-இல் கழுவாமல் விடுகிற பொருள்களில் அதைத் தடை செய்தார்கள். 2018-இல் கழுவிவிடுகிற பொருள்களுக்கும் 15 பிபிஎம்முக்கு இறக்கினார்கள்.

இங்கே கணக்கு சதவீதத்தில் இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை மைக்ரோகிராம் தங்குகிறது என்பதில் இருக்கிறது. அதே 100 பிபிஎம், தலையில் போட்டு அலசுகிற ஷாம்பூவில் ஒரு ஆள், குழந்தையைத் துடைத்துவிட்டு அப்படியே விடுகிற ஈரத் துணியில் இன்னொரு ஆள். ஒவ்வாமையூட்டியா என்ற கேள்விக்குப் பதில் எழுதிய பிறகு, யார் தோலில், எவ்வளவு, எத்தனை நேரம் என்ற மூன்றையும் எழுதாமல் அறிக்கையை மூடாதீர்கள்.

அந்த இரண்டு வரைவுகளையும் திருப்பி அனுப்பிவிட்டேன். முடிவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சாம்பிள் பக்கத்தின் ஓரத்தில் 'பாட்டிலை எப்போது திறந்தீர்கள்?' என்று மட்டும் எழுதினேன். ஒருவர் மறுநாள் காலையிலேயே தேதியோடு வந்து நின்றார். இன்னொருவர் இன்னும் சப்ளையரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.