முதுநிலைப் படிப்பின் இயக்குநர் பொறுப்பு: போகும் வழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகத்தில் ஒரு முதுநிலைப் படிப்பையோ முனைவர் பட்டப் படிப்பையோ நடத்தும் இயக்குநருக்கு, சக பேராசிரியர்களிடம் வேலை வாங்கும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. பதவி உயர்வு, விடுப்பு, பணி ஒதுக்கீடு எல்லாம் துறைத்தலைவர் கையிலும் டீன் கையிலும் இருக்கும். ஆனால் சேர்க்கை குறைந்தாலும், மாணவர்கள் பாதியில் விலகினாலும் கேள்வி இயக்குநரிடம்தான் வரும். பொறுப்பு முழுமையாகவும் அதிகாரம் அரைகுறையாகவும் உள்ள இடம் இது. இதைப் புரிந்துகொள்ளாமல் தயாராகிறவர்கள்தான் கீழே சொல்லும் தவறுகளில் அதிகம் சிக்குகிறார்கள்.

ஆய்வுக் கட்டுரைகளே கொண்டுசேர்க்கும் என்று நம்புவது

நல்ல ஆய்வாளர் என்ற பெயர் தேவை. அது இல்லாமல் முனைவர் பட்டப் படிப்பை நடத்த யாரும் அழைக்க மாட்டார்கள். ஆனால் தேர்வு செய்கிறவர்கள் அதற்கு மேல் தேடுவது வேறொன்றை: இவர் ஒரு விதியைப் படித்து, நாலு பேரைச் சம்மதிக்க வைத்து, குறித்த தேதிக்குள் ஒரு வேலையை முடித்திருக்கிறாரா?

அதற்குச் சான்று குழுப் பணிகளில்தான் கிடைக்கும். எல்லாக் குழுவும் ஒன்றல்ல. விழாக் குழுவில் ஐந்து ஆண்டுகள் இருந்தாலும் இந்தப் பதவிக்கு அதனால் பயன் குறைவு. சேர்க்கைக் குழு, பாடத்திட்டக் குழு, தர அங்கீகாரத்துக்கான சுயமதிப்பீட்டுக் குழு ஆகிய மூன்றும்தான் நேரடிப் பயிற்சி. மூன்றிலும் கடினமானது கடைசிக் குழு. அதனாலேயே பலர் நழுவிவிடுகிறார்கள். ஆனால் படிப்பின் நோக்கம், அதை எந்தப் பாடம் நிறைவேற்றுகிறது, எந்தத் தேர்வு அளக்கிறது, எத்தனை பேர் முடித்தார்கள் என்று முழுப் படிப்பையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கும் வாய்ப்பு அங்கே மட்டும்தான் கிடைக்கும்.

தன்விவரக் குறிப்பில் 'சேர்க்கைக் குழு உறுப்பினர்' என்று மட்டும் எழுதி விடுவதும் தவறுதான். எத்தனை விண்ணப்பங்கள் பரிசீலித்தீர்கள், மதிப்பெண் முறையில் எதை மாற்றினீர்கள், அதனால் என்ன ஆனது என்று இரண்டு வரி சேர்த்தால்தான் அந்தப் பணி படிப்பவர் கண்ணில் படும்.

பாடவேளையை மட்டும் எண்ணி, மாணவரின் நேரத்தை எண்ணாதது

நேர்காணலில் 'இரண்டு புதிய பாடங்கள் சேர்ப்பேன்' என்று வாக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அவை மாணவரின் எந்த நேரத்தில் நுழையும் என்று கேட்டால் பதில் இருக்காது.

ஐரோப்பிய கிரெடிட் முறையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 5 கிரெடிட் பாடம் என்றால் 125 முதல் 150 மணி. வாரம் 3 மணி வீதம் 14 வாரம் வகுப்பு நடந்தால் 42 மணி போகும். மீதி 83 முதல் 108 மணிக்குள் வாசிப்பு, பயிற்சி, கட்டுரை, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அடங்க வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பாடத்தில் 'இன்னும் ஒரே ஒரு கட்டுரை' சேர்த்தால், அந்தச் சுமையின் கூட்டுத்தொகையைக் காண்பவர் மாணவர் மட்டும்தான். இயக்குநராக ஆசைப்படுகிறவர், எந்த முறையில் பணியாற்றினாலும், தம் துறையின் ஒரு பருவத்துப் பாடங்களுக்காவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். புதுப் பாடம் வேண்டுமென்றால் எதை எடுப்பது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சேர்க்கையை மனக்கணக்கில் நடத்துவது

30 இடங்கள் இருக்கின்றன. சேர்க்கை அழைப்பு பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேர் சேர்வது வழக்கம் என்றால் 75 பேருக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். அந்த ஆண்டு திடீரென நூற்றுக்கு 55 பேர் வீதம் சேர்ந்தால் 41 பேர் வந்து நிற்பார்கள். பதினொரு பேருக்கு ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் இல்லை, உதவித்தொகை இல்லை, ஆய்வகத்தில் இடமும் இல்லை.

ஒரே தவணையில் 75 அழைப்பு அனுப்புவதுதான் இங்கே தவறு. முதல் சுற்றில் 45 அல்லது 50 அனுப்பி, பதில் வரும் வேகத்தைப் பார்த்து, காத்திருப்போர் பட்டியலில் இருந்து அடுத்த சுற்றை விட வேண்டும். விதிகள் இதற்கு எவ்வளவு இடம் தருகின்றன என்றும் தெரிந்திருக்க வேண்டும். உதாரணமாக, அமெரிக்காவில் முதுநிலைக் கல்லூரிகளின் மன்றம் வகுத்த தீர்மானத்தில் கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையுடன் கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்தத் தேதியை அறியாமல் மார்ச் மாதக் கெடு வைத்தால் அதைத் திரும்பப் பெற வேண்டி வரும்.

'நன்று' என்று எழுதிய அறிக்கையை அப்படியே ஏற்பது

மனிதர்களுக்கு உண்மையிலேயே வலி தருகிற தவறு இதுதான். ஒரு முனைவர் பட்ட மாணவரின் ஆண்டு முன்னேற்ற அறிக்கையில் மூன்று ஆண்டுகளாக 'முன்னேற்றம் நன்று' என்று ஒரே வரி. நான்காம் ஆண்டில் நெறியாளர், 'இவரால் முடிக்க இயலாது' என்கிறார். மாணவரோ தமக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்கிறார். இருவர் சொல்வதையும் சரிபார்க்கக் கோப்பில் ஒன்றும் இல்லை. அந்த நிலையில் எந்த இயக்குநராலும் நியாயமான முடிவு எடுக்க முடியாது.

இதைத் தடுக்க அதிகம் செலவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, நெறியாளர் அல்லாத இருவர் மாணவரின் எழுத்தைப் படித்துவிட்டுச் சந்திக்க வேண்டும். அதில் பத்து நிமிடமாவது நெறியாளரை வெளியே அனுப்பிவிட்டு மாணவரிடம் தனியாகப் பேச வேண்டும். அடுத்த ஆண்டுக்குள் முடிக்க வேண்டிய வேலைகளைத் தேதியுடன் எழுதி, மாணவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பதவிக்கு வருமுன்பே, உங்களிடம் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இப்படி ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். நெறியாளர் மாற்றம், இடைநிறுத்த விடுப்பு, அதிகபட்சப் படிப்புக் காலம் ஆகிய மூன்று விதிகளை மூலப் பிரதியில் படியுங்கள். அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படும் விதியும் அச்சில் உள்ள விதியும் பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை.

சீக்கிரமாகவும் வெறுங்கையோடும் ஏற்றுக்கொள்வது

பணி நிரந்தரமாகும் முன் இந்தப் பொறுப்பை ஏற்பது ஆபத்து. பதவி உயர்வுக் கோப்பை மதிப்பிடும் வெளி ஆய்வாளர்கள் ஆய்வைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் தீர்த்து வைத்த நாற்பது மாணவர் மனுக்கள் அவர்கள் கண்ணில் படாது.

ஏற்கும் முன் கேட்டுப் பெற வேண்டியவை: பருவத்துக்கு எத்தனை பாடம் குறைப்பு, அலுவலக உதவியாளரின் நேரம் வாரத்துக்கு எவ்வளவு, உதவித்தொகை ஒதுக்கீட்டில் கையொப்ப உரிமை யாருக்கு, பதவிக்காலம் முடிந்ததும் ஆய்வு விடுப்பு உண்டா. நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லாக வாங்கினால், டீன் மாறிய மறுநாளே அவற்றைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது.

நிர்வாகப் பணி வழியாக வருகிறவர்கள் செய்யும் தவறு வேறு. கல்வி நிர்வாகத்தில் இன்னொரு பட்டம் வாங்கிவிட்டு, பிறகுதான் பணி அறிவிப்புகளைப் பார்க்கிறார்கள். பல இடங்களில் இயக்குநர் பதவி பேராசிரியர்களுக்கு மட்டுமே. நிர்வாகத்தினர் மேலாளராகவும், முதுநிலைக் கல்வி அலுவலகத்தின் தலைமையாகவும் உயரலாம். பத்து அறிவிப்புகளை முதலில் படித்து, கேட்கப்படும் தகுதியைக் குறித்துக்கொண்டால் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகும்.

பொறுப்பேற்கும் வாரத்தில், முன்பிருந்தவரிடம் சாவியோடு ஒரு பட்டியலும் வாங்குங்கள்: முடிவு சொல்லப்படாத மனுக்கள், காலக்கெடு நெருங்கும் மாணவர்கள், வாய்மொழியாகத் தரப்பட்ட வாக்குறுதிகள். மூன்றாவதைக் கேட்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் பருவத்துச் சிக்கல்களில் பல அங்கிருந்துதான் கிளம்பும்.