வானத்தில் ஒரு கரும்புள்ளி: என் அனுபவம்

திடீரென்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். கேமராவும் கூடவே வரும். அப்படிப் போன ஒரு பயணத்தில், எடுத்த படங்களில் எல்லாம் வானத்தின் ஒரே இடத்தில் மங்கலான கரும்புள்ளி. லென்ஸை மாற்றியும் புள்ளி நகரவில்லை. சரி, உள்ளே படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில்தான் தூசி.

உறுதிப்படுத்த, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபர்ச்சரை எஃப்/22-க்குச் சுருக்கி, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெறும் வானத்தை எடுத்தேன். துளை சிறியதானால் தூசியின் நிழல் கூர்மையாக விழும், துளை அகலமாக இருக்கும் எஃப்/2.8-இல் அதே தூசி பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது.

மெனுவில் உள்ள தானியங்கிச் சுத்தம் பலன் தரவில்லை. அப்புறம் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து (நடுவில் தீர்ந்தால் சென்சாருக்கு முன்னால் உள்ள திரையான ஷட்டர் மூடிக்கொள்ளும்), கையால் சுத்தம் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்து, லென்ஸ் கழற்றிய கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் காற்றடித்தேன். புளோயரின் நுனி உள்ளே படக் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஸ்பிரே காற்று டப்பாவும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள திரவம் சென்சாரில் படிந்துவிடும்.

மறுபடி வானத்தை எடுத்தேன். புள்ளி போயிருந்தது. ஓரத்தில் இன்னொன்று மட்டும் பிடிவாதமாக இருக்கிறது. அதை எடிட்டிங்கில் அழித்துக்கொள்கிறேன். அந்த ஒன்றுக்காக ஈரத் துடைப்பானை எடுக்க மனமில்லை.