தூக்கி ஓட்டோவில் போடுமுன்

விபத்து நடந்த இடத்தில் எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. கல்முனை வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கினால் போதும், விழுந்தவரைச் சுற்றி உடனே கூட்டம் கூடிவிடும். ஒருவர் சோடா வாங்க ஓடுவார், ஒருவர் ஓட்டோவை மறிப்பார், இன்னொருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பார். நல்ல மனம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆளைப் பார்க்க முன்னமே தொடுகிறோம், தொட்ட கையோடு தூக்கியும் விடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பார்க்க வேண்டியது விழுந்தவரை அல்ல, இடத்தை. பின்னால் வரும் பஸ்ஸை மறிக்க ஒருவரை அனுப்பிவிட்டுத்தான் நடு வீதியில் குந்த வேண்டும். கரண்ட் அடித்துக் கிடப்பவரை வெறுங்கையால் பிடித்தால் இரண்டு பேர் கிடப்பீர்கள். வீடு என்றால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். வீதியில் அறுந்து விழுந்த கம்பி என்றால் கிட்டவே போகாமல் மின்சார சபைக்குச் சொல்லுங்கள். காய்ந்த தடியால் தட்டிவிடலாம் என்ற யோசனையெல்லாம் அந்தக் கம்பியிடம் வேண்டாம். வயலோரம் பன்றிக்குக் களவாக இழுத்த கம்பி என்றாலும் இதே கதைதான்.

இடம் சரி என்றால் ஆளிடம் போகலாம். தோளைத் தட்டி, “அண்ணன், கேட்குதா? கண்ணைத் திறங்க” என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் நெற்றியில் ஒரு கை வைத்து, நாடியை, அதாவது முகவாயை, மறுகை விரல்களால் மெல்ல உயர்த்தி, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். 10 விநாடிக்கு மேல் வேண்டாம். மணிக்கட்டைப் பிடித்து நாடித்துடிப்புத் தேடுவது சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும். பதற்றத்தில் நம் விரலில் துடிப்பதே அவருடையது போலத் தெரியும். பயிற்சி இல்லாதவர்கள் மூச்சை மட்டும் பார்த்தால் போதும்.

அந்த மூச்சிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. இதயம் நின்ற ஒருவர் சில நிமிடங்களுக்கு, கரையில் போட்ட மீன் மாதிரி, இடைவிட்டு வாயைத் திறந்து காற்றை இழுக்கலாம். குறட்டை போலச் சத்தமும் வரலாம். சுற்றி நிற்பவர்கள் “மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு” என்று ஆறுதலடைவார்கள். அது மூச்சல்ல. சீராக இல்லாத, விட்டுவிட்டு வரும் அந்த இழுப்பைக் கண்டால் மூச்சு நின்றதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் நின்று 4, 5 நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். அந்த நேரத்தைச் சோடா தெளிப்பதில் செலவழிக்க முடியாது.

ஒருவரை இலங்கையின் அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழைக்கச் சொல்லுங்கள். “யாராவது கோல் எடுங்க” என்றால் எல்லோரும் மற்றவர் எடுப்பார் என்றே நிற்பார்கள். “தம்பி, நீலச் சேட், நீங்க எடுங்க” என்று ஆளைக் காட்டிச் சொல்ல வேண்டும். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை, தமிழிலும் பேசலாம். இடம் சொல்லும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் கோயில், பள்ளிவாசல், பாலம், சந்தி என்று அடையாளம் சொல்லுங்கள்.

மூச்சு நின்றிருந்தால், நீங்கள் நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறுகையை அதன்மேல் வைத்து, முழங்கையை மடக்காமல் அழுத்துங்கள். வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும், தரையில் கிடத்துங்கள். எலும்பு முறியுமோ என்று பயந்து தடவிக்கொடுப்பது போல அழுத்துவதும் வீண்தான். விலா எலும்பு முறிந்தால் பிறகு பொருந்தும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது.

மூச்சு சீராக இருந்து, நினைவு மட்டும் இல்லையென்றால் பக்கவாட்டில் திருப்பி விடுங்கள். மல்லாக்கக் கிடந்தால் நாக்கும் வாந்தியும் தொண்டையை அடைக்கும். வாயில் தண்ணீர் ஊற்றுவது இதைவிட மோசம், அது நேரே நுரையீரலுக்குப் போகலாம்.

இனி ஓட்டோ. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை மடக்கி, பின் சீட்டில் திணித்து, தலை ஒரு பக்கம் ஆட ஆடக் கொண்டுபோவதில் முள்ளந்தண்டு நரம்பு சேதமானால் அது திரும்பாது. தீ, தண்ணீர், வாகன ஓட்டம் போன்ற ஆபத்து இல்லாவிட்டால் அசைக்காமல், தலையை இரு கையாலும் நேராகப் பிடித்தபடி காத்திருங்கள். மூச்சுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் ஹெல்மெட்டும் அப்படியே இருக்கட்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ளே இருக்கும் கிராமங்களுக்கு அம்புலன்ஸ் வரச் சுணங்கலாம், அது உண்மைதான். அப்படியென்றால் 1990இல் பேசுபவரிடமே கேட்டு முடிவெடுங்கள். கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், நீட்டிக் கிடத்தக்கூடிய பட்டா என்ற சிறு லொறியும் ஒரு பலகையும் ஓட்டோவைவிட எவ்வளவோ மேல்.

இரத்தம் ஓடினால் கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு தடவை தூக்கிப் பார்க்கும் பழக்கம்தான் பெரிய தொல்லை. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

வாவியிலோ கடலிலோ ஒருவர் தத்தளிக்கும்போது குதிப்பதற்கு முன் கயிறு, வெற்றுக் கலன், தோணி தள்ளும் கம்பு எதையாவது தேடுங்கள். கரைக்கு எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நடக்கிறது. வருவது வயிற்றுத் தண்ணீர், வாந்தியும் சேர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் வேண்டியது காற்று. மூக்கைப் பொத்தி 5 தடவை வாயோடு வாய் வைத்து ஊதிவிட்டு, பிறகு 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடருங்கள்.

வேளாண்மைக் காலத்தில் பாம்புக்கடி. கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம். வாடிக் குடிசையில் தரையில் படுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் கடித்தால் பல்லின் அடையாளமும் வலியும் பெரிதாகத் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, இமை சொருகல், பேச்சுக் குழறல் வந்தால் வாய்வு என்று கசாயம் காய்ச்சிக்கொண்டு இருக்காதீர்கள். பாம்பைத் தேடிப் பிடித்து அடிக்கவும் நேரம் போக்க வேண்டாம், தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

வலிப்பு வந்தவரின் கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது பல்லைத்தான் உடைக்கும். தலைக்குக் கீழே மடித்த சாரம் ஒன்றை வைத்து, நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 1990. சுட்ட புண்ணுக்குப் பற்பசை அல்ல, ஓடும் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம்.

பூச்சிமருந்து குடித்தவரை உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நனைந்த உடுப்பைக் கழற்றித் தோலைக் கழுவுங்கள், உங்கள் கையில் படாமல். போத்தலை எறிந்துவிடாமல் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அதன் லேபலைப் பார்த்துத்தான் டொக்டர் என்ன மருந்து கொடுப்பது என்று முடிவெடுப்பார்.