ஸ்கேனில் பித்தப்பை மடிந்திருப்பதாக வந்தால்: பார்ப்பது எப்படி, என்ன செய்வது

வயிற்றின் அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை) ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃப்ரிஜியன் கேப்’ என்றோ ‘ஃபோல்டட் கால்பிளாடர்’ என்றோ ஒரு வரி இருந்தால், அது நோயின் பெயர் அல்ல. பித்தப்பையின் நுனி, அதாவது ஃபண்டஸ், தன் மேலேயே மடிந்திருக்கிறது என்று அர்த்தம். இன்றைய துருக்கியில் இருந்த பழைய ஃப்ரிஜியா நாட்டவரின், நுனி முன்னால் சாய்ந்த தொப்பி போலத் தெரிவதால் இந்தப் பெயர். நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆறு பேருக்கு இப்படி இருக்கும். இது புற்றுநோயாக மாறாது, மருந்தும் வேண்டாம்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. மடிப்பு சில சமயம் கல்லாகவோ கட்டியாகவோ தெரியும். சில சமயம் மடிப்புக்குள் நிஜமாகவே கல் ஒளிந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஸ்கேனை முறையாக எடுக்க வேண்டும். அதில் பாதி வேலை நோயாளியின் கையில்தான்.

முதல் நாள் இரவிலிருந்து

பித்தப்பை நிரம்பியிருந்தால்தான் அதன் வடிவம் தெரியும். நிரம்பிய பித்தப்பை 7 முதல் 10 செ.மீ. நீளம் இருக்கும், 30 முதல் 50 மி.லி. பித்தம் கொள்ளும். கொழுப்புள்ள எதைச் சாப்பிட்டாலும் குடலிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருக்கிவிடும். சுருங்கிய பையில் சுவர் தடித்துத் தெரியும், மடிப்பையும் சுவரையும் பிரிக்க முடியாது, சின்னக் கல் கண்ணில் படாது.

அதனால் இரவு எண்ணெய் அதிகமில்லாமல் சாப்பிட்டு, அதன்பின் 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. காலையில் பால் காபி, டீ கூடாது. “ஒரு வாய் காபிதானே” என்று குடித்துவிட்டு வருவதால்தான் நிறைய ஸ்கேன் வீணாகிறது. குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேறு நேரம் கொடுப்பார்கள். வெறும் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், காலை வேளை அளவை என்ன செய்வது என்று முன்கூட்டியே தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முதல் ஆளாக நேரம் வாங்குவது நல்லது.

மடிப்பா, கல்லா, பாலிப்பா

மல்லாந்து படுத்த நிலையில் மட்டும் பார்த்து முடித்த ஸ்கேனை நம்ப முடியாது. வலது விலா எலும்புக்குக் கீழிருந்தும், விலா எலும்புகளுக்கு இடையிலிருந்தும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பார்க்க வேண்டும். பிறகு இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்க வைத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் உட்கார வைத்தோ நிற்க வைத்தோ இன்னொரு முறை.

திரையில் பைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ப்ரோபை (வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியை) அதே இடத்தில் மெல்லச் சுழற்றும்போது அந்தப் புள்ளி நீண்டு கோடாகி, பையின் வெளிச்சுவரோடு போய்ச் சேர்ந்தால் அது மடிப்பு. கோட்டின் இரு பக்கத்து அறைகளும் ஓர் இடத்தில் திறந்து ஒன்றாகியிருக்கும். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் உருண்டையாகவே இருந்து, ஆள் திரும்பும்போது கீழ்ப்பக்கம் உருண்டு போய், பின்னால் கறுப்பு நிழல் விழுந்தால் கல். நகராமல் சுவரில் ஒட்டியபடி, நிழலும் இல்லாமல் இருந்தால் பாலிப்பாக (உள்சுவரில் முளைத்த சிறு சதையாக) இருக்கலாம். அது 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அறுவை டாக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நிழலை மட்டும் வைத்துக் கல் என்று முடிவு கட்டக் கூடாது. மடிப்பின் வளைந்த விளிம்பில் பட்டு ஒலி விலகிப் போவதால் அங்கேயும் நிழல் விழும். ஆனால் அந்த நிழலின் தலைமாட்டில் பளிச்சென்ற பொருள் எதுவும் இருக்காது; ப்ரோபின் கோணம் மாறினால் நிழலும் மாறும். பையின் கழுத்துப் பகுதியிலும் அங்கிருந்து போகும் குழாயின் சுருள் வால்வுகளிலும்தான் இந்தக் குழப்பம் அதிகம்.

இதே கழுத்தில் நேர்மாறான ஆபத்தும் உண்டு. அங்கே சிக்கிக்கொண்ட கல், ஆளைத் திருப்பிப் போட்டாலும் நகராது. நகரவில்லை என்பதற்காக அதை மடிப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஸ்கேன் மெஷினில் ஃபோகஸை அந்த ஆழத்துக்குக் கொண்டுவந்து, படத்தைத் தெளிவாக்கும் ஹார்மானிக் என்ற அமைப்பைப் போட்டு, நிழலை மங்கவைக்கும் காம்பவுண்டிங் என்ற அமைப்பை அணைத்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். 3 மி.மீ.க்குக் குறைந்த கற்களுக்குப் பல நேரம் நிழலே விழாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

மடிப்பைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாமல், மடிந்த நுனிக்குள் கடைசிவரை போய்ப் பார்ப்பது முக்கியம். கவனிக்காமல் விட்ட கல் அங்கே கிடக்கலாம்.

அடினோமயோமடோசிஸ் என்ற சுவர்த் தடிப்பும் பையை இடுப்பு ஒடுங்கியது போலக் காட்டும். அதில் சுவரே தடித்து, உள்ளே வால் நீண்ட சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். வெறும் மடிப்பில் சுவர் 3 மி.மீ.க்குள்ளேயே இருக்கும். சி.டி. ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படங்களில் மடிந்த நுனி தனி நீர்க்கட்டி போலத் தோன்றுவதுண்டு. நெடுக்குவெட்டில் மாற்றிப் பார்த்தால் இரண்டும் ஒரே பைதான் என்று புரியும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

மடிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றால், அதற்காக மறு ஸ்கேனும் அறுவையும் வேண்டியதில்லை. வலி இருக்கிறதே என்று கேட்டால், வலிக்குக் காரணம் தேட வேண்டியதுதான்: இரைப்பைப் புண், கல், சிறுநீரகம், முதுகுத் தசை என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். பழியை மடிப்பின் மேல் போட்டு பையை எடுத்துவிட்டால், வலி அப்படியே தங்கிவிட வாய்ப்பு உண்டு. வலது மேல்வயிற்று வலியோடு குளிர்காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தால் மட்டும், பழைய ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வேறு சில அமைப்புகள் உடலுக்குக் கெடுதல் செய்யாவிட்டாலும் அறுவை டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பை கல்லீரலுக்குள் புதைந்திருப்பது, கல்லீரலைப் பிடித்திருக்கும் நடுக்கோட்டுத் தசைநாருக்கு இடப்பக்கம் இருப்பது, சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு வரும் இரட்டைப் பித்தப்பை ஆகியவை இந்த வகை. இடப்பக்கப் பையோடு கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் கிளைகளும் மாறியிருக்கலாம். இரட்டைப் பையில் குழாய்கள் எங்கே சேர்கின்றன என்பதை எம்.ஆர்.சி.பி. (பித்தக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்துப் பார்க்காமல் கத்தி வைத்தால், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளம் காயப்படலாம். ஒரு பையை எடுத்து இன்னொன்றை உள்ளேயே விட்டுவிடவும் கூடும். அதனால் இப்படி ஒரு வரி ரிப்போர்ட்டில் இருந்தால், ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் எந்தக் காரணத்துக்காக வயிற்றில் அறுவை என்றாலும் அதை முதலிலேயே எடுத்துக் காட்டுங்கள்.